கேபிள் வளர்ந்த குளிர்காலம்

மேடிசன், விஸ்கான்சின்
டிசம்பர் 3, 2006

அர்வோ,

போனைப் பட்டென்று வைத்துவிட்டாய். அப்புறம் எத்தனை தடவை அடித்தாலும் எடுப்பதில்லை. ஆள் இருக்கிறாயா என்று பார்த்துவரச் சித்தப்பா மகன் ரூடியை அனுப்பினால், அவனிடம், "அக்காவுக்கு ஏதாவது சொல்லணும்னா தாள்ல எழுதி அனுப்பச் சொல்லு. கத்தாம எழுத வருதான்னு பாக்கலாம்" என்றாயாம். அறுபத்தேழு வயது மனிதன் பேசுகிற பேச்சா இது? சரி, தாள்தான் வேண்டுமென்றால் தாள்.

உன் கடிகாரத்தை நான் அவமானப்படுத்தவில்லை. நம் க்ளப்பில் ஏழு பேர், ஏழு பேர் வீட்டிலும் ஆளுக்கொரு அணுக் கடிகாரம். ஏழையும் சேர்த்துச் சராசரி போட்டு 'க்ளப் நேரம்' என்று மாதாமாதம் வெளியிடுவது என் தலையில் விழுந்த வேலை. ஒழுங்காக ஓடுகிற கடிகாரத்துக்குச் சராசரியில் பெரிய பங்கு, தள்ளாடுகிறதற்குச் சின்னப் பங்கு. இதெல்லாம் உனக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் போனில் நீ இதையெல்லாம் அன்றுதான் முதல்முறையாகக் கேட்கிறவன் மாதிரிக் குதித்தாய்.

ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு ஜி.பி.எஸ். ரிசீவர் இருக்க வேண்டும், இரண்டுக்கும் தனித்தனி ஆன்டெனா வேண்டும், இரண்டும் அந்த வீட்டுக் கடிகாரத்தைச் செயற்கைக்கோள்களோடு ஒப்பிட்டு ஒரே பதிலைச் சொல்ல வேண்டும், சொல்லாத வீட்டுக்குப் பங்கு கிடையாது. இந்த விதியை எழுதியது யார்? நீ. நம் க்ளப் லெராயை மட்டம் தட்டுவதற்காக எழுதினாய். இப்போது உன் வீட்டுக் கூரை ரிசீவர் ஒன்று சொல்கிறது, தோட்டத்தில் நீராவிக் குளியலுக்கு அப்பா கட்டிய சவுனாக் குடில் ரிசீவர் வேறொன்று சொல்கிறது. அரை நானோ நொடி வித்தியாசம். அதனால் உன் பங்கு பூஜ்யம். லெராய்க்கு ஒரு சட்டம், என் தம்பிக்கு ஒரு சட்டம் என்று நான் வைக்க முடியாது.

சரிசெய், பங்கைத் தருகிறேன். அவ்வளவுதான் விஷயம்.

எல்மா

ரோலண்ட் லொகேஷன், மிச்சிகன்
டிசம்பர் 11, 2006

அக்கா,

கடிதம் வந்தது. கத்தாமல் எழுதியிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். தபால்காரருக்கே காது வலித்திருக்கும்.

நீ என்ன செய்கிறாய் என்று எனக்குப் புரியாமல் இல்லை. என் டோரிஸை அடக்கம் செய்து நான் தனிக்கட்டையான அன்று சாயங்காலமே ஆரம்பித்தாய். "இங்க தனியா கிடந்து என்ன பண்ணப்போற, என்கூட வந்துடு." அன்றிலிருந்து நானும் ஒரே பதிலைத்தான் சொல்லிவருகிறேன். கடிகாரம் ஓடுகிறது. ஒஹாயோ சந்தையில் பழைய இரும்பு விலைக்கு வாங்கி, நானும் டோரிஸும் ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து உயிர் கொடுத்த கடிகாரம். ஏற்றிவைத்த நாள் முதல் ஒரு நொடிகூட நின்றதில்லை. க்ளப்பில் வேறு எவன் கடிகாரமும் இவ்வளவு காலம் நிற்காமல் ஓடியதில்லை. அதை அணைத்துவிட்டு வர முடியாது. இப்போது கடிகாரத்தையே பூஜ்யமாக்கிவிட்டால் நான் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்று கணக்குப் போடுகிறாய்.

அரை நானோ நொடிதானே? சரிசெய்துவிட்டேன். ஆன்டெனாவிலிருந்து செய்தி கேபிள் வழியாக நிலவறைக்கு வர ஆகிற நேரத்தை ரிசீவரிடம் ஓர் எண்ணாகச் சொல்லிவைக்கிறோம் அல்லவா, அதை அது கழித்துக்கொள்கிறதல்லவா. கூரை ரிசீவர் பின்தங்குகிறது, எனவே கேபிள் எண்ணில் அரை நானோ நொடி கூட்டினேன். முதலில் அளந்தபோது கை தவறியிருக்கும். இப்போது இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே பதிலைச் சொல்கின்றன. என் பங்கைக் கொடு.

மற்றபடி நலம். நிலவறைக் கதவு பிடிக்கிறது. உறைபனி மண்ணைத் தூக்குவது வருடா வருடம் உள்ளதுதான், உரசுகிற விளிம்பைச் சீவிவிட்டேன். என் முழங்கால்தான் போய்விட்டது. சவுனா முதல் படியில் காலை வைக்கச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அப்பா அதைப் பாறை மேல் கட்டியபோது கிழவர்களை நினைத்துக் கட்டவில்லை.

அர்வோ

மேடிசன்
டிசம்பர் 19, 2006

அர்வோ,

கேபிள் எண்ணைக் கூட்டினாயா? படித்ததும் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன், கையில் இருந்திருந்தால் எறிந்திருப்பேன்.

கேபிளை அளந்தால் அளந்ததுதான். இரண்டு ரிசீவரும் ஒத்துப்போகவில்லை என்பதற்காக அந்த எண்ணைத் திருகுவது, தெர்மாமீட்டரை உதறிவிட்டுக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று சொல்வது மாதிரி. ஒரு புதிய ஆள் இதைச் செய்திருந்தால் சொல்லிக்கொடுத்திருப்பேன். நீ செய்திருக்கிறாய். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் பழுது பார்த்தவன்!

க்ளப் கூட்டத்தில் போன் வழியாக எல்லோரும் இருந்தபோது லெராய் கேட்கிறான், "எல்மா, உங்க தம்பி கடிகாரம் ஐ.சி.யூ.வுல இருக்குன்னாங்களே, பழம் ஏதாவது வாங்கிட்டுப் போகணுமா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எரிந்தது.

பழுதைக் கண்டுபிடிக்கும் முறை உனக்கே தெரியும். கூரை ரிசீவரைச் சவுனா ஆன்டெனாவில் மாட்டு, சவுனா ரிசீவரைக் கூரை ஆன்டெனாவில் மாட்டு. தவறு ரிசீவரோடு போகிறதா, கூரையிலேயே நிற்கிறதா என்று பார். ரிசீவரோடு போனால் ரிசீவர். கூரையிலேயே நின்றால் ஆன்டெனா. அதுவரை பங்கு பூஜ்யம்.

ஜனவரியில் எனக்கு இடுப்பு ஆபரேஷன். மாற்று இடுப்பு வைக்கிறார்கள், வசந்தம் வரை வண்டி ஓட்டக்கூடாதாம். இல்லாவிட்டால் நானே வந்து உன் கூரையில் ஏறியிருப்பேன். கிறிஸ்துமஸுக்கு ஏலக்காய் ரொட்டி அனுப்பியிருக்கிறேன். கோபத்தில் பிசைந்தது, ஆனால் மாவுக்கு அது தெரியாது.

எல்மா

ரோலண்ட் லொகேஷன்
ஜனவரி 8, 2007

அக்கா,

மாவுக்குத் தெரிந்துவிட்டது. செங்கல் மாதிரி வந்து சேர்ந்தது. காப்பியில் ஊறவைத்துத் தின்றோம், ருசி அம்மாவுடையதுதான்.

நீ சொன்னபடி ரிசீவர்களை மாற்றி மாட்டினேன். உனக்காக அல்ல, லெராயின் வாயை அடைக்க. தவறு கூரையிலேயே நிற்கிறது. சரி, ஆன்டெனா என்று முடிவு கட்டி, எச்சில் துப்பினால் கீழே விழுவதற்குள் உறையும் குளிரில் கூரையில் ஏறி, அலமாரியில் இருந்த வேறொரு நல்ல ஆன்டெனாவை மாட்டினேன். ரூடி ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்று ஒப்பாரி வைத்தான்.

"அண்ணே, அரை நானோ நொடின்னா எவ்ளோ நேரம்?"

"நீ யோசிக்கிறதுக்கு ஆகிற நேரத்துல ஆயிரம் கோடியில ஒரு பங்கு."

"அதுக்காக என் விரல் போகணுமா?"

விரல் போகவில்லை. தவறும் போகவில்லை. புது ஆன்டெனாவிலும் அதே கதை. அதோடு, டிசம்பரில் நான் சரிசெய்த பிறகு மறுபடி அரை நானோ நொடி விலகியிருந்தது. மறுபடி கூட்டிவிட்டேன். நீ கத்து. எனக்கு இரண்டும் ஒத்துப்போவதைப் பார்த்தால்தான் சோறு இறங்குகிறது.

கிறிஸ்துமஸ் அன்று ரூடிக்கு மான்கறி சூப் வைத்தேன். தட்டில் ஒரு பக்கமாகவே போய் நிற்கிறது. "அண்ணே, உன் மேஜை குடிச்சிருக்கா?" என்றான். மேஜைக் காலுக்கு அட்டை மடித்து வைத்திருக்கிறேன். எல்லாமே கிழடாகிவிட்டது இந்த வீட்டில், என்னையும் சேர்த்து. ஆபரேஷன் நல்லபடி நடக்கட்டும்.

அர்வோ

மேடிசன்
ஜனவரி 16, 2007

அர்வோ,

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். இடுப்பில் புது மூட்டு இருக்கிறது. நர்ஸ், "உங்க பிரஷர் ஏன் இப்படி ஏறுது?" என்று கேட்டாள். உன் கடிதத்தைக் காட்டினேன்.

கேபிளுக்குள் செய்தி ஒரு நானோ நொடியில் எட்டு அங்குலம்தான் போகும், ஆக உன் கணக்கின்படி அந்தக் கேபிள் இந்தக் குளிர்காலத்தில் எட்டு அங்குலம் வளர்ந்திருக்கிறது. அது என்ன பூசணிக்கொடியா? குளிரில் பொருள் சுருங்கும் அர்வோ, வளராது. அப்படியே வளர்கிறது என்றாலும் சவுனாவுக்குப் போகிற கேபிள் ஏன் வளரவில்லை? அதுவும் அதே கடையில் வாங்கியதுதானே, அதே குளிரில்தானே கிடக்கிறது?

ரிசீவர் இல்லை, ஆன்டெனா இல்லை, கேபிள் இல்லை. மிச்சம் இருப்பது இடம் ஒன்றுதான். அந்த ரிசீவரை முதலில் மாட்டியபோது இரண்டு நாள் வானத்தைப் பார்த்து, ஆன்டெனா பூமியில் எங்கே இருக்கிறது என்று தானே கண்டுபிடித்துப் பூட்டிக்கொண்டது. அன்றிலிருந்து ஆன்டெனா அங்கேயேதான் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பிக் கணக்குப் போடுகிறது. நீ அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. ஆன்டெனாவைப் பிடித்திருக்கிற கம்பம் பனிப்பாரத்தில் சாய்ந்திருக்கலாம். ரிசீவரிடம் அதன் இடத்தை மறுபடி கண்டுபிடிக்கச் சொல். இரண்டு நாள் வேலை. தயவுசெய்து இந்த ஒன்றைச் செய்.

எல்மா

ரோலண்ட் லொகேஷன்
ஜனவரி 29, 2007

அக்கா,

கம்பம் சாயவில்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், ஊசி மாதிரி நிற்கிறது. ஆகவே அந்தப் பேச்சு முடிந்தது.

இடத்தை மறுபடி கண்டுபிடிக்கச் சொல்ல மாட்டேன். ஏன் என்று கேட்பாய், சொல்லிவிடுகிறேன். அந்த ஆன்டெனாவை ஏற்றிய அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றது டோரிஸ். நான் இறங்கி வந்து, "ரெண்டு நாள் ஆகும், அப்புறம் நாம எங்க இருக்கோம்னு அது சொல்லிடும்" என்றேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "கல்யாணம் ஆகி முப்பது வருஷம் ஆச்சு, உன் வீடு எங்க இருக்குன்னு இன்னும் வானத்தைத்தான் கேக்கணுமா?" என்று சிரித்தாள். அது அவளுடைய கடைசிக் கோடை. ரிசீவருக்குள் பூட்டியிருப்பது அவள் நின்ற அன்றைய இடம். புதிதாகக் கண்டுபிடிக்கச் சொன்னால் பழையதன் மேல் எழுதிவிடும். உனக்கு அது ஓர் எண். எனக்கு அப்படி இல்லை.

எனவே உன் விதியை நீயே வைத்துக்கொள். பங்கே வேண்டாம். நான் மூன்றாவது தடவையாக அரை நானோ நொடி கூட்டியிருக்கிறேன், ஒருவரையும் கேட்காமல். என் வீடு, என் கேபிள்.

முன்வாசல் கதவும் இப்போது பிடிக்கிறது. பின்வாசல் வழியாகப் போய்வருகிறேன். பனி ஜன்னல் விளிம்பு வரை இருக்கிறது. சவுனாவுக்குப் போவதை விட்டுவிட்டேன், முழங்கால் கேட்கமாட்டேன் என்கிறது. உன் இடுப்பு எப்படி இருக்கிறது?

அர்வோ

மேடிசன்
பிப்ரவரி 7, 2007

தம்பி,

டோரிஸ் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேன். அதற்கு மன்னித்துக்கொள். இதற்கு மேல் எழுதப்போவதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

வீட்டுக்கு வந்துவிட்டேன், நடக்கும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கும் ஹாலுக்கும் நடக்கிறேன். இன்று காலை உன்னைத் திட்டி எழுதுவதற்காகவே உன் கடிதங்களை மேஜையில் வரிசையாக வைத்துப் படித்தேன். திட்டு மறந்துபோயிற்று.

நிலவறைக் கதவு பிடிக்கிறது. மேஜையில் சூப் ஒரு பக்கமாக ஓடுகிறது. முன்வாசல் கதவு பிடிக்கிறது. சவுனாவின் முதல் படி உயர்ந்துகொண்டே போகிறது. கேபிள் வளர்ந்துகொண்டே போகிறது. அர்வோ, உன் முழங்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. சவுனா பாறை மேல் இருக்கிறது. வீடு பாறை மேல் இல்லை, பழைய சுரங்கத்தின் மேல் கொட்டிய மண்ணில் இருக்கிறது. வீடு இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆன்டெனாவும் கூடவே இறங்குகிறது, செயற்கைக்கோளிலிருந்து வருகிற செய்திக்குத் தூரம் கூடுகிறது, தாமதமாக வந்து சேர்கிறது. ஒளிக்கு ஒரு நானோ நொடியில் ஓர் அடிதான் போக முடியும் என்று மேடை மேடையாகப் பேசுகிறவன் நீ. ஒவ்வொரு தடவை வீடு இறங்கும்போதும் நீ கேபிளை நீட்டி அதை மறைத்திருக்கிறாய். பனி தரையை மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை.

நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் நான்காவது தெரு முழுக்கச் சுரங்கக் குழிக்குள் போனதை மறந்துவிட்டாயா? உங்கள் மாவட்டக் கவுண்டி ஆபீசுக்குப் போன் போட்டேன். ஒருவர், "வீட்டுக்காரரே கூப்பிட்டாதான் மேடம் ஆள் அனுப்ப முடியும்" என்கிறார். "வீட்டுக்காரர் என் தம்பி, அவன் கழுதை" என்றேன். "அதுக்குத் தனியா ஃபாரம் இல்ல மேடம்" என்கிறார்.

பனி உருகினால் தண்ணீர் கீழே இறங்கும், மண்ணும் போகும். இன்றே ரூடி வீட்டுக்குப் போ. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா

ரோலண்ட் லொகேஷன்
பிப்ரவரி 14, 2007

எல்மா,

பிரமாதம். பங்கைப் பிடுங்கிப் பார்த்தாய், நான் வரவில்லை. இப்போது வீட்டையே பூமிக்குள் அனுப்புகிறாய். அடுத்து என்ன, வால்நட்சத்திரமா?

நம் வீட்டு வரிசைக்குக் கீழே பாறைதான் என்று சுரங்கக்காரர்களே அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். உறைபனி, அவ்வளவுதான். நீ பதினெட்டு வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள். அம்மாவையும் அப்பாவையும் டோரிஸையும் இந்த வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போனது நான். இந்த வீட்டைப் பற்றி எனக்குச் சொல்லாதே. இனி எழுதவும் வேண்டாம்.

அர்வோ

மேடிசன்
பிப்ரவரி 20, 2007

அர்வோ,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன்.

பந்தயம் வைக்கலாம். பழைய எண்ணை ஒரு பென்சிலால் சுவரில் எழுதிவைத்துக்கொள், அப்போது டோரிஸ் நின்ற இடம் எங்கும் போகாது. பிறகு ரிசீவரைப் புதிதாகக் கேள். அதே இடத்தைச் சொன்னால் உன் கடிகாரத்துக்கு முழுப் பங்கு தருகிறேன், லெராயிடம் என் வாயால் மன்னிப்புக் கேட்கிறேன், என்னோடு வந்து இரு என்று சாகும்வரை சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

உனக்கு என் மேல் நம்பிக்கை இல்லை. உன் ரிசீவர் மேல் உண்டல்லவா?

எல்மா லாஹ்தி

ரோலண்ட் லொகேஷன்
மார்ச் 11, 2007

அக்கா,

நீ ஜெயித்தாய். எழுதப் பல நாள் ஆகிவிட்டது, ஏனென்றால் இந்த வரியை எழுதவே முடியவில்லை.

உன் வாயை அடைப்பதற்காகத்தான் கேட்டேன். இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தால், கிழக்கு மேற்கும் வடக்கு தெற்கும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. உயரம் இரண்டு அடி குறைவு. ரிசீவர் கெட்டுவிட்டது என்று திட்டிவிட்டு இன்னொரு ரிசீவரை மாட்டினேன். இரண்டு அடி. அப்புறம் ரூடியை வரச்சொல்லி, தோட்டத்துக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைச் சவுனா வாசலிலும் ஒரு முனையை வீட்டு வாசலிலும் பிடித்து, அப்பா வீடு கட்டியபோது சிமென்டில் போட்ட கோட்டைப் பார்த்தோம். முன்பு இரண்டு வாசலிலும் தண்ணீர் அந்தக் கோட்டில் நிற்கும். வீட்டுப் பக்கம் அது கோட்டுக்கு மேல் ஏறி என் தொடைக்கு வந்தது. ரூடி குழாயைக் கீழே போட்டுவிட்டான்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. வீடு மாதாமாதம் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தது, நானும் மாதாமாதம் ஓர் எண்ணைக் கூட்டி அதன் வாயை அடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு ரிசீவரும் ஒத்துப்போனால் போதும் என்று இருந்துவிட்டேன். பயமாகவும் இருக்கிறது, உன்னிடம் மறைக்கவில்லை. பழைய எண்ணைச் சுவரில் எழுதியிருக்கிறேன். டோரிஸ் நின்றபோது குறித்த அந்த இடம் இப்போது என் ஆன்டெனாவுக்கு மேலே இரண்டு அடி உயரத்தில், வெறுங்காற்றில் இருக்கிறது.

கவுண்டியிலிருந்து ஒரு பெண் என்ஜினியர் வந்தாள். நிலவறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மிஸ்டர் லாஹ்தி, எப்ப கிளம்புறீங்க?" என்றாள்.

"கடிகாரம் வழியில நிக்காம ஓட பேட்டரி வரணும். ஆர்டர் பண்ணியிருக்கேன்."

"எந்தக் கடிகாரத்துக்கு?"

காட்டினேன். "இதுல முள்ளே இல்லையே" என்றாள். "இதை அணைச்சுட்டுப் போக எவ்ளோ நேரம் ஆகும்?"

"அணைக்க ஒரு நொடி. அணைக்க மாட்டேன்."

அவள் பெருமூச்சு விட்டது உன்னை மாதிரியே இருந்தது. பேட்டரி வந்ததும் கிளம்புகிறேன். அதுவரை படுக்கை மட்டும் ரூடி வீட்டில். பகலில் இங்கே.

அர்வோ

மேடிசன்
மார்ச் 14, 2007

அர்வோ,

பகலில் அங்கேயா? பகலில் வீடு விழாது என்று யாராவது உன்னிடம் சொன்னார்களா? பேட்டரிக்காகக் காத்திருக்கிறானாம்! உன்னிடம் ஒரு லாரி இருக்கிறது, ரூடியிடம் ஒரு லாரி இருக்கிறது, ஊர் முழுக்கப் பனிவண்டி வைத்திருக்கிறார்கள். இருக்கிற பேட்டரியைக் கழற்றி இதில் மாட்டு. இதைக்கூட நான்தான் ஐந்து மணி நேரத் தூரத்திலிருந்து சொல்ல வேண்டுமா?

உன் கடிகாரம் நின்றால் நான் அழமாட்டேன். மறுபடி ஓட்டலாம். உன்னை மறுபடி ஓட்ட முடியாது. இதைப் போனில் சொல்ல எத்தனை தடவை அடித்தேன் தெரியுமா, கடைசியில் போன் கம்பெனிக்காரியே, "மேடம், அங்க யாரும் எடுக்கல" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

இங்கே நிலவறை அறையைக் காலி செய்துவிட்டேன். துணி துவைக்கும் மெஷின் சூடு கிளப்பும், கடிகாரத்துக்கு ஆகாது என்று மேலே ஏற்றச் சொல்லிவிட்டேன், அதைத் தூக்கியவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். தரை பாறை மேல் இருக்கிறது. நானே போய்ப் பார்த்தேன், நடக்கும் சட்டத்தோடு.

முழுப் பங்கு உடனே கிடைக்கும் என்று நினைக்காதே. இங்கே வந்து ஒரு மாதம் ஒழுங்காக ஓடினால் பார்க்கலாம். விதி விதிதான்.

அக்கா

ரூடியின் வீட்டிலிருந்து
ஏப்ரல் 2, 2007

அக்கா,

இங்கே போன் இருக்கிறது, ரூடி அதை என் கையிலேயே கொடுத்துப் பார்த்தான். பேசினால் குரல் உடையும் என்று தாளில் எழுதுகிறேன். இதுதான் கடைசித் தாள், சனிக்கிழமை கிளம்பி வருகிறேன்.

நீ சொன்னபடி இரண்டு லாரி பேட்டரியையும் கழற்றினோம். ரூடியின் மனைவி சர்ச்சுக்குப் போக முடியாமல் என்னைச் சபித்தாள். நிலவறைப் படியில் கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு ஏறியபோது மூச்சு வாங்கியது, ஆனால் அது ஒரு தடவைகூட இருமவில்லை. நின்றால் நிற்கட்டும் என்று நீ சொன்னாய். படியின் பாதியில் நானும் அதையே நினைத்தேன், உனக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

வெயில் அடித்தது. இரண்டே நாளில் பனி உருகி ஓடியது, வேலி ஓரம் தரை பிளந்திருப்பது தெரிந்தது. தெருவை மூடிவிட்டார்கள். சவுனாவில் விட்டுவந்த ரிசீவரை எடுக்க நேற்றுக் காலை போனோம். கடிகாரத்தை ரூடி வீட்டில் விட மனம் வரவில்லை, ஒரு பேட்டரியை லாரிக்கே திருப்பி மாட்டிவிட்டு, இன்னொன்றோடு கடிகாரத்தை என் பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்திருந்தேன். ஷெரீப் ஆபீஸ் போலீஸ்காரர் தடுப்புக்கு அருகே நின்று, "உள்ள விட முடியாது சார்" என்றார். வாக்குவாதம் செய்துகொண்டிருந்தேன். அவர் பேச்சை நிறுத்தித் தன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

பெரிய சத்தம் இல்லை அக்கா. புகைபோக்கி முதலில் போயிற்று, பிறகு கூரை ஒரு பக்கமாகக் குனிந்தது, கம்பமும் ஆன்டெனாவும் நேராக நின்றபடியே கீழே போயின. சவுனா அப்படியே பாறை மேல் நிற்கிறது. அதன் முன்னால் குழிதான் இருக்கிறது. நான் அழுதேன். ரூடி என் தொப்பியை எடுத்து என் கையில் கொடுத்தான், எதற்கு என்று அவனுக்கும் தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்து ஷெரீப் ஆபீஸ்காரர் நோட்டை எடுத்தார். "சார், ரிப்போர்ட்ல போடணும். சரியா எத்தனை மணிக்கு விழுந்துச்சு?"

ரூடி என்னைப் பார்த்தான். லாரிக்குள் கடிகாரத்தின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"தெரியாது. நான் வீட்டைப் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றேன்.

அவர் 'காலையில்' என்று எழுதிக்கொண்டார்.

தம்பி